கை சும்மா இருந்தால் வராத பாட்டு

நாலு பேர் முன்னால் பேசவே தயங்குகிற நான், எத்தனையோ பேர் படிக்க எழுத உட்கார்ந்தது அதிகம்தான். எட்டாவதோடு படிப்பு நின்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நொச்சிக்குப்பத்தில் என் நாத்தனார் மீன் விற்கிறாள். விற்ற மீனைச் செதில் எடுத்து ஆய்ந்து கொடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடுவேன்.

போன வருடத் திருவிழாப் பூசையில் நன்றிப் பாடலைத் தனியாகப் பாடச் சொன்னார்கள். இரண்டாம் சரணத்தின் மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். குழுவினர்தான் பாடி முடித்தார்கள். ஒரு மாதம் பீடத்துப் பக்கம் தலை நிமிரவில்லை. இந்த வருடம் நானே போய், இன்னொரு தடவை பாடட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். இதிலும் நின்றால் இனிக் கேட்கிற முகம் எனக்கு இல்லை.

கடையில் மீன் ஆய்ந்துகொண்டே தினமும் பாடினேன். ஒரு வரி பிசகவில்லை. கோயில் ஒத்திகையில் மட்டும் அதே மூன்றாவது வரியில் நாக்கு நின்றது.

இதைச் சொன்னதும் நாத்தனார், மறுபடி பாடு என்றாள். சங்கரா மீனைச் சுரண்டிக்கொண்டே பாடினேன். இரண்டாம் சரணத்தில் சட்டென்று என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினாள். பாட்டு நின்றது.

"இன்னா அண்ணி, கோயில்ல மைக் முன்னாடி மீனா கீது செதில் எடுக்க?" என்றாள். "உன் பாட்டு வாயில இல்ல, கையில கீது."

அன்றிலிருந்து அவள் வைத்ததே சட்டம். பாதி வேலையில் கத்தியை வாங்கிக்கொள்வாள். கை கட்டி நின்று, மீன் வாங்க வந்தவர்களைப் பார்த்துப் பாட வேண்டும். முதலிலிருந்து கூடாது, நேராக இரண்டாம் சரணம். முதல் நாள் அந்த மூன்றாவது வரியிலேயே திரும்பத் திரும்ப நின்றேன். ஆட்டோக்காரர் ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, பாட்டு சோக்கா கீது. என் மீனுதான் வெயில்ல கருவாடாய்க்கினு கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே பாடியும் முடித்தேன். ஒரு வாரத்தில், யார் சிரித்தாலும் பேரம் பேசினாலும் பாட்டு தன் போக்கில் போனது.

திருவிழாவன்று கோயில் நிறைந்திருந்தது. முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவதில் உள்ளங்கை கத்தியைத் தேடி அரித்தது. மூன்றாவது வரி நெருங்கும்போது நாத்தனாரைத் தேடினேன். மூன்றாம் வரிசையில் இருந்தாள். முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு, மடியிலிருந்த கைப்பையை வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள், செதில் எடுக்கிற மாதிரியே.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அந்தச் சிரிப்போடு மூன்றாவது வரி வந்தது, நாலாவதும் வந்தது. கடைசி வரியைக் குழுவுக்கு விடாமல் நானே பாடி முடித்தேன்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் இன்னா பண்ணேன்?" என்றாள். "பையில எறும்பு. தட்டிக்கினு இருந்தேன்."

மறுநாள் திங்கட்கிழமை. வியாபாரம் சுமார். பதினோரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.