கீழ்ப்படுக்கையின் வட்ட ஜன்னல்

கப்பல் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த விதிப்படி, கேபினில் கீழ்ப்படுக்கை முதலில் பதிவு செய்தவருக்கு உரியது. முதலில் பதிவு செய்தவன் நான். என் மனைவியின் தங்கை கணவர், கோட்டாற்றில் கடை வைத்திருந்தவர், எனக்குப் பிறகுதான் பதிவு செய்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில், பினாங்கிலிருந்த மைத்துனனின் கல்யாணத்துக்குக் குடும்பத்தின் சார்பில் நாங்கள் இருவரும் போனோம். இருவருக்கும் அதுதான் முதல் கப்பல்.

பெட்டிகளைச் சரிபார்த்து ஒப்படைத்துவிட்டு நான் கேபினுக்கு வந்தபோது, அவர் கீழே கால் நீட்டிப் படுத்திருந்தார். வட்ட ஜன்னல் அவர் தலைமாட்டில் இருந்தது.

"முட்டுவலி அண்ணாச்சி. ஏணியில ஏற முடியாது."

மேல்படுக்கையில் என் மூக்குக்கு நேர் மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கூரை. கீழேயிருந்து ஓயாமல் குரல் வரும்.

"அண்ணாச்சி, மீன் பறக்குது! பாத்தியளா?"

"இல்ல."

"அடடா, போயிட்டே!"

மேல்தளத்துக்குப் போனால் கடல் முழுவதும் பார்க்கலாம். அது எல்லாருக்கும் பொதுவான கடல். எனக்கு வேண்டியது அந்த ஜன்னல்.

சாப்பாட்டு மணி அடித்ததும் முட்டுவலிக்காரர் என்னை முந்திக்கொண்டு படியேறினார். அன்றே விதியைச் சுட்டிக்காட்டிக் கப்பல் அதிகாரியிடம் மனுக் கொடுத்தேன். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் மாமனார் வீட்டில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். பறக்கும் மீன் கதையை வாய் பிளந்து கேட்ட என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் அதே கப்பல்லதான போனிய?"

கீழ்ப்படுக்கை எனக்கே உரியது, உடனே மாறிக்கொள்ளலாம் என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது, மறு வருஷம் சித்திரை முதல் தேதி.