மாப்பிள்ளைக்கு நீலம் பூசிய கதை

என் தங்கையின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. வரக்கூடாது என்று சொன்னவள் அவள்தான். நான் செய்த காரியத்துக்கு அது குறைந்த தண்டனை என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் இருக்கிறது. அங்கே ஆம்பளை என்றால் வலை போட வேண்டும். நான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் லாரிகளுக்கு நுழைவுச் சீட்டு எழுதும் வேலைக்குப் போனேன். துறைமுகத்தை எதிர்த்து ஊரே கரையில் கறுப்புக் கொடியோடு உட்கார்ந்திருந்த நாட்களில், அதே துறைமுகத்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் முன்னாலேயே பைக்கில் போனேன். ஊர் எனக்கு 'ஏசி மீனவன்' என்று பெயர் வைத்தது. எனக்கும் அவர்களைக் கண்டால் இளக்காரம்தான். இரண்டு தரப்பும் குறை வைக்காமல் வெறுத்துக்கொண்டோம்.

இதில் அடிபட்டவள் தங்கை. நைனா செத்த பிறகு அவளுக்கு மாப்பிள்ளை தேட வேண்டியவன் நான். இரண்டு இடம் வந்தது. இரண்டும் 'பொண்ணு நல்ல பொண்ணு, அண்ணன்தான்' என்று போய்விட்டது. அவளுக்கு முப்பது ஆகிவிட்டது. சோறு போடும்போது தட்டை என் முன்னால் வைக்கமாட்டாள், தள்ளிவிடுவாள்.

அந்த வருஷம்தான் எனக்கு நீலப் பித்து பிடித்தது. ஃபிலிம் வருவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்த படமெடுக்கும் முறை ஒன்றை ஃபோனில் பார்த்தேன். இரண்டு உப்புகளைத் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, சேர்த்துக் கலந்து, கெட்டிக் காகிதத்தில் தூரிகையால் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். அதன்மேல் ஒரு பொருளை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடமெல்லாம் நீலம், படாத இடம் வெள்ளை. அப்புறம் தண்ணீரில் அலச வேண்டும், அவ்வளவுதான். வெயிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்று இரண்டு பொட்டலத்தையும் தபாலில் வரவழைத்தேன்.

முதல் மாதம் முழுக்கக் கேலிக்கூத்து. சார்ட் பேப்பர் தண்ணீரில் கஞ்சியாகக் கரைந்தது. ஐந்து நிமிடம் வெயில் காட்டியது அலசும்போது மொத்தமாகப் போய் வெறும் காகிதம் மிஞ்சியது. எங்கள் போர்வெல் தண்ணீரில் அலசினால் நீலம் வெளுத்தது. அதனால் கேன் தண்ணீரைத் தட்டில் ஊற்றினேன். "குடிக்கிற தண்ணிய காயிதத்துக்கு ஊத்தறான். இவன பெத்ததுக்கு ஒரு நண்ட பெத்திருந்தா கொழம்பாவது வெச்சிருப்பேன்" என்றாள் அம்மா. ஒரு இறாலைக் கண்ணாடிக்கு அடியில் அழுத்திவைத்தேன். படம் அருமையாக வந்தது, கூடவே தெருப்பூனை எல்லாம் மாடிக்கு வந்தது. கிழிந்த வலைத்துண்டு, சவுக்குக் கிளை, நண்டுக் கால் என்று எல்லாவற்றையும் படமெடுத்துத் தள்ளினேன். நீலத்தில் வெள்ளையாக வலைக்கண் ஒவ்வொன்றும் தெரிந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எதையோ பிடித்துவிட்டதாக நினைத்தேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் மூன்றாவது இடம் வந்தது. பக்கத்துக் குப்பம். பையன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன், சிரித்த முகம், குடிப்பழக்கம் கிடையாது. அண்ணனைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா மட்டும்தான் அவனுக்கு. தங்கை முதல் தடவையாக என் தட்டைக் கையில் கொடுத்தாள்.

நான் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நிச்சயதார்த்தத்துக்கு என் கையால் ஒன்று செய்து கொடுத்து, இரண்டு ஊரும் வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மாப்பிள்ளை ஃபோன் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டிருந்தான். படகைக் கரையேற்றிய களைப்பில் வலைக் குவியல்மேல் மல்லாந்து கிடந்தான். தலைமுடி ஈரம், சட்டை இல்லை, உச்சி வெயிலுக்குக் கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அவனைக் கேட்காமலேயே அதை எடுத்தேன். பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி கண்ணாடித்தாளில் அச்சடித்து வாங்கிவந்தேன். அந்தத் தாளைப் பூசிய காகிதத்தின்மேல் வைத்து வெயிலில் பன்னிரண்டு நிமிடம் வைத்தேன். அலசியதும் முகம் வந்தது. மறுநாள் காய்ந்து இன்னும் ஆழ்ந்த நீலமானது. நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது. ஃபிரேம் போட்டு, வண்ணத்தாள் சுற்றி, அம்மாவுக்கும் தங்கைக்கும்கூடக் காட்டாமல் பீரோமேல் ஒளித்துவைத்தேன்.

யாருக்காவது காட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். எங்கள் குப்பத்தில் விவரம் தெரிந்த எல்லோரும் கரை ஒதுங்கிய உடம்பை ஒரு தடவையாவது பார்த்தவர்கள். அலை கொண்டுவந்து போட்டால் ஊரே போய் நிற்கும், தூக்கக் கை கொடுக்கும். நான் மட்டும் அந்த நேரத்தில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நைனா அதற்காக என்னை அடித்திருக்கிறார். கடலில் செத்தவன் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாத ஒரே ஆள் எங்கள் தெருவில் நான்தான்.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் எழுந்து நின்று பரிசை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினேன். அவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே தாளைப் பிரித்தார். பிரித்தவர் சிரிப்பை மாற்றவில்லை, அப்படியே இருந்தார். பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்து மகனின் நெற்றியிலிருந்து வாய் வரைக்கும் மெதுவாகத் தடவினார்.

"எந்த எடத்துல ஒதுங்குச்சி?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை அவர் பக்கத்திலேயே புதுச்சட்டையில் உட்கார்ந்திருந்தான். "யம்மா, நான் இங்கதான் கீறேன்" என்று அவர் தோளைப் பிடித்தான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவர். நான்காம் நாள் கிடைத்த உடம்பை அடையாளம் காட்டியவர் இந்த அம்மாதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன் என்று சொல்லமாட்டேன். நினைத்துப் பார்க்கவேயில்லை. அவர்கள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். பூவும் பழமும் வைத்த தட்டு அவர்களோடேயே திரும்பிப் போனது, படம் மட்டும் எங்கள் வீட்டில் மிஞ்சியது.

மூன்று நாள் கழித்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். பையன் பிடிவாதமாக இருக்கிறான், அந்த அம்மா மனசுதான் ஆறவில்லை, நேரில் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார். தங்கை என் கையைப் பிடித்தாள். "கால்ல வுழுந்து எந்திரிச்சி வாண்ணா. வேற ஒண்ணும் பேசாத. ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள்.

காலில் விழுந்திருக்க வேண்டியதுதானே. என் புத்தி வேறு கணக்குப் போட்டது. குற்றம் நீலத்தில்தானே, நீலத்தை எடுத்துவிட்டால் எல்லோரும் என் படத்தை ஒப்புக்கொள்வார்கள் என்று தோன்றியது. சலவை சோடாவில் முக்கினால் நீலம் கழன்றுவிடும், பிறகு தேயிலை டிகாஷனில் ஊறவைத்தால் பழைய காலத்துப் படம் மாதிரி பழுப்பாகிவிடும் என்று படித்திருந்தேன். அதே கண்ணாடித்தாளை வைத்து இன்னொரு பிரதி எடுத்து முக்கினேன். டிகாஷன் கெட்டியாகப் போய்விட்டது. முகம் கறுத்தது, காகிதம் மஞ்சள் பாரித்தது. பார்க்கப் பார்க்க எனக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "வாபா, உக்காரு" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் உட்காரவில்லை, காலிலும் விழவில்லை. "கலர மாத்திட்டேன், பாருங்க" என்று நீட்டினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "மொதல்ல குடுத்தது அன்னிக்கே கெடச்சது" என்றார். "இது மூணா நாளு." திருப்பி என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கருவாடு வெயிலிலேயே கிடந்தது.

கடைசியில் பையன்தான் சாதித்தான். இல்லாவிட்டால் வீட்டைவிட்டே போகிறேன் என்றானாம். அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். பெண்ணின் அண்ணன் பந்தலில் நிற்கக்கூடாது, தாலி கட்டும் நேரத்தில் அந்தக் கண் தன் மகன்மேல் படக்கூடாது. தாய்மாமன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தங்கை "சரி" என்றாள். யோசிக்கக்கூட இல்லை. நான் கத்தியபோது அவள் குரலே உயரவில்லை. "எனக்கு நீ செஞ்ச ஒரே நல்லது நீ வராததாதான் இருக்கணும்" என்றாள். அண்ணனாக நான் அவள் கைப்பிடித்துப் பொரி போட வேண்டிய இடத்தில் பெரியப்பா மகன் நின்றான். பந்தலின் மைக்செட் சத்தம் ஏரித் தண்ணீரைத் தாண்டி எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அம்மா சாயங்காலம் பந்திச் சோற்றைப் பொட்டலம் கட்டி வந்தாள். நான் சாப்பிட்டேன், பசி.

அதற்குப் பிறகு தங்கை எங்கள் வீட்டுப் படியேறியது ஒரே ஒரு தடவை. போன ஐப்பசியில். காலை ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டிய மாப்பிள்ளையின் படகு பதினோரு மணிக்கும் வரவில்லை. கூடப் போன படகுகள் எல்லாம் வந்துவிட்டன. நான் அன்றைக்கு லீவில் வீட்டில் இருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள். ஆறு மாத வயிறு.

"அந்தப் படத்த இன்னா பண்ண?"

"எரிச்சிட்டேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

"அவரு வரலன்னா நீதான்" என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று மணி நேரம். என்னால் எங்கேயும் எழுந்து போக முடியவில்லை. இரண்டு மணிக்கு அவள் ஃபோன் அடித்தது. இன்ஜின் நின்றுபோய், வேறு ஊர்ப் படகு கயிறு கட்டி இழுத்துவந்ததாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மூன்று மணி நேரமும் நான் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று பிறகு நினைத்துப் பார்த்தேன். அவனுக்காக இல்லை. அவன் செத்தால் என்னால்தான் செத்தான் என்று ஊர் சொல்லும், அது நடக்கக்கூடாது என்றுதான் கும்பிட்டேன். எதிரில் நின்றவளின் தாலி எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.