மீன் தண்ணீர் குடித்த கொன்றை

மீன் கழுவிய தண்ணீரின் நாற்றம் எனக்குக் குடலைப் பிடுங்கும். கனடாவின் மொன்றியல் நகரில், லாசால் பகுதியில் அண்ணையும் நானும் இருக்கும் வீட்டில், சனிக்கிழமை என்றால் அவர் மீன் வெட்டுவார். கழுவிய தண்ணீரை வீணாக்கமாட்டார். ஜன்னலோரக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவார். பனிக்காலத்தில் ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை. அந்த வெடுக்கு என் கோட்டில் ஏறி மெட்ரோ வரை வரும். பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போனால், இறங்கும் இடம் வந்துவிட்டதாக்கும் என்று என்னைத் தேற்றிக்கொள்வேன்.

அப்போது ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக மாரடித்துக்கொண்டிருந்தேன். பயறு, அவரை போன்றவற்றின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும். கொன்றையும் அதே குடும்பம்தான், ஆனால் வேரில் முடிச்சில்லை. முன்னோரிடம் இருந்ததைப் பின்னால் வந்தவை தொலைத்துவிட்டன என்பது எங்கள் கட்சி. அப்படித் தொலைத்த செடிகளில், முடிச்சுப் போடச் சொல்லும் மரபணு உடைந்து கிடக்கும்.

கொன்றையின் காட்டு உறவு ஒன்றில் மட்டும் அது உடையாமல் இருந்தது. பழைய விதைகள், ஒன்றுதான் முளைத்தது. அந்த மரபணு இன்னும் வேலை செய்கிறதா என்று அந்த ஒற்றைச் செடிதான் சொல்லவேண்டும். என் பட்டமே அதன் வேரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தில்லாத வெறும் மணலில் நட்டு, பாக்டீரியாவை ஊற்றிப் பட்டினி போட்டேன். முடிச்சு வந்தால் பச்சை, வராவிட்டால் மஞ்சள். ஜனவரியில் ஆய்வுக்கூடத்துச் சூடாக்கும் இயந்திரம் செத்துப்போக, செடியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார் பேராசிரியர். அதைக் கறிவேப்பிலைக்குப் பக்கத்திலும், ஒப்பிட்டுப் பார்க்க அதே மணலில் நட்ட இரண்டு சாதாரணக் கொன்றைகளைச் சற்றுத் தள்ளியும் வைத்தேன். மூன்றும் மஞ்சளாகின. பிறகு ஒரு காலை, அது மட்டும் பச்சை பிடித்திருந்தது.

சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. குனிந்து இலைக்கு முத்தம் கொடுக்கப் போனேன். மூக்கில் குப்பென்று வெடுக்கு அடித்தது.

"அண்ணை, இதுக்கு என்ன ஊத்தினனீங்கள்?"

"மீன் தண்ணிதான். கறிவேப்பிலைக்கு ஊத்தேக்கை பக்கத்திலை வெளிறிப்போய் நிண்டுது. பாவமாக் கிடந்துது."

"பட்டினி கிடக்கத்தானே வச்சனான்."

"வீட்டுக்குக் கொண்டுவந்து பட்டினி போடுறதே? என்னடி படிப்பு இது?"

தொட்டியைக் கவிழ்த்தேன். மீன் செதிள் ஒட்டிய மணல் கையில் வழிந்தது. ஓங்காளித்துக்கொண்டே வேரைக் கழுவினேன். ஒரு முடிச்சுக்கூட இல்லை.

அதை வைத்து எதுவும் சொல்லமுடியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மீன் தண்ணீரில் நைட்ரஜன் சும்மா கிடைத்தால், முடிச்சுப் போடத் தெரிந்த செடியும் போடாது. பாக்டீரியாவுக்குச் சோறு போட்டு வைத்திருக்க அதற்கென்ன தலையெழுத்து? ஆக, இது முடிச்சை மறந்துபோன செடியா, மீன் தண்ணீரைக் கண்டதும் வேலையை விட்ட செடியா? இன்னொருமுறை முளைக்கவைத்துக் கேட்க விதையில்லை. இதையே மறுபடி பட்டினி போடலாமென்றால், வளர்ந்த வேர், சத்து ஊறிய உடம்பு, இனி நம்பமுடியாது என்று பேராசிரியரும் கையை விரித்துவிட்டார்.

"எறியாதை. நான் பாக்கிறன்," என்று அண்ணை அதை வாங்கிக் கறிவேப்பிலைத் தொட்டியிலேயே நட்டார்.

நான் வேறு செடியோடு, வேறு கேள்வியோடு, முதலிலிருந்து தொடங்கினேன். அது அங்கேயே தளதளவென்று நிற்கிறது, சனிக்கிழமைகளில் வயிறாரக் குடித்துக்கொண்டு. அந்தப் பச்சையைப் பார்த்தாலே எனக்கு வாந்தி வருகிறது.