மனோவைத்தியம் என்று எழுதிய பாவம்

ரங்கூனில் என் தலைவலிக்கு வைத்தியம் பார்க்கும் துரை என் தலையைத் தொடுவதே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் போனால் சோபாவில் படுக்கச் சொல்கிறார். பூட்ஸைக்கூடக் கழற்ற வேண்டாமாம். மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்லு என்கிறார். சீ, இதுவும் ஒரு வைத்தியமா என்று குமட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் ஆபீஸில் மேலதிகாரி முன்னால் விழுங்கியதையெல்லாம் அங்கே கக்கக் கக்க, தினமும் வந்த இடப்பக்க மண்டையிடி வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் தென்காசியிலிருக்கும் என் மனைவி கோமதிக்கு எழுதினேன்: "இங்கே மனோவைத்தியம் செய்துகொள்கிறேன். லீவில் வந்து உன்னை அழைத்துப்போகிறேன்." கடல் தாண்டியவர்களே, ஊருக்கு எழுதும்போது வார்த்தையைப் பார்த்து எழுதுங்கள்! கடிதத்தை உரக்கப் படித்த அவள் அண்ணன், மனசுக்கு வைத்தியமென்றால் பைத்தியம்தானே என்று முடிவுகட்டிவிட்டான்.

லீவில் வந்து நான் ரயிலை விட்டு இறங்கியதும், "சாரல் நல்லா விழுது, ஒரு குளியல் போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்" என்று குற்றாலத்துக்கு வண்டி கட்டினான். பிரயாணத்தில் எனக்கு இடி தொடங்கியிருந்தது. அருவிக்கரையில் நாறுகிற எண்ணெயைத் தலையில் அப்பி, இரண்டு தடியர்கள் கையைப் பிடித்து அருவிக்குள் தள்ளினார்கள்.

"விடுங்கலே! எனக்கு மண்டையிடிதாம்லே!"

"எந்தப் பைத்தியம் தன்னைப் பைத்தியம்னு சொல்லுது? பேசாம நில்லுங்க மாப்பிள்ளே."

தண்ணீரா அது, உலக்கை! வாந்தியெடுத்தேன். "பித்தம் இறங்குது" என்று கரையில் ஆனந்தப்பட்டார்கள். தூ! பக்கத்தில், பைத்தியம் தெளியட்டுமென்று சங்கிலியோடு நிறுத்தியிருந்த ஒரு மனிதன் மட்டும் குனிந்து, "தலை வலிக்கா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடேயே கோமதியை ரங்கூனுக்கு அழைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா ஆயிட்டு வந்து கூப்பிடுங்க. அங்கன உங்களுக்கு முத்திப்போச்சுன்னா நான் யாரைக் கூப்பிடுவேன்?"

தனியாகவே கப்பலேறினேன். நடந்ததைச் சொன்னதும் துரை உற்சாகமாக நோட்டை எடுத்தார். "அருவி என்றால் உனக்கு உன் தாயின் ஞாபகம் வருகிறதா?" என்றார். அவர் முகத்திலும் வாந்தியெடுக்கலாம் போலிருந்தது.

இன்று கோமதியின் கடிதம் வந்திருக்கிறது. ஒரே வரி: "மனோவைத்தியம் முடிந்துவிட்டதா?" முடிந்தது என்றால் வருவாள், ஆனால் வந்த வாரமே, வெள்ளிக்கிழமை தோறும் எங்கே போகிறீர்கள் என்பாள். போகாவிட்டாலோ இடி திரும்பிவிடும். இடது நெற்றியை ஒரு கையால் அழுத்தியபடி பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன். இந்த ஊரில் நான் துரையின் நோட்டுக்குத் தீனி, அந்த ஊரில் பைத்தியம். வெறும் தலைவலிக்காரனாக இருந்தது அந்தச் சங்கிலிக்காரன் பக்கத்தில் நின்ற கொஞ்ச நேரம்தான்.