ஒரே இலையில் ஒன்பது பப்படம்

எங்கள் அக்காள் மறைந்து ஓர் ஆண்டு ஆகிறது. இன்றைய திதிக்கு வந்து எங்கள் வீட்டில் கை நனைக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் என் வணக்கம். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அக்காளைப் பற்றி ஏதாவது சொல் என்று நீங்கள் கேட்டால் நான் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுவேன் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் முன்கூட்டியே எழுதி, நினைவு மலராக அச்சடித்து உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அக்காள் பிறந்தது பத்மநாபபுரத்தில். என்னைவிட ஆறு வயது மூத்தவர்கள். நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டார்கள். அத்தான் துணிக்கடையில் கணக்கு எழுதினார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அக்காளுக்கு என்று மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான். அப்போது நான் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு துணைக்கு வந்து சேர்ந்தேன்.

அரிசி கிடைக்காமல் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்ற நாட்கள் அவை. அக்காள் கலங்கி உட்காரவில்லை. வெளியூரிலிருந்து படிக்க வந்த இரண்டு மாணவர்களுக்கு முன்னறையைக் கொடுத்துச் சோறும் போட்டார்கள். கிழங்கையே புளிக்கறி, தேங்காய்த் துருவல், கடுகு தாளிப்பு என்று நாளுக்கு ஒரு வேஷம் போட்டு இலையில் வைப்பார்கள். ஒரு மாணவன் ஊருக்குப் போய், “நாகர்கோவிலில் எனக்குத் தினம் விருந்து” என்று சொன்னானாம். அவனுடைய அம்மா நேரில் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சில வருஷம் கழித்து நகரில் இன்னொரு கல்லூரி திறந்தது. அந்த ஆனி மாதம் பையன்கள் அறை கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் பதினெட்டுப் பேர் வந்தார்கள். இடமில்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று அக்காள் மோர் கொடுத்து அனுப்பினார்கள். இத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறோமே என்று அக்காளுக்கு மனம் ஆறவில்லை. வீட்டைக் கோட்டாற்று வியாபாரி ஒருவரிடம் ஈடு வைத்துப் பின்பக்கம் ஓடு போட்டு நாலு அறை கட்டினார்கள். செங்கல் சுமந்தவன் நான்.

ஆனால் எங்கள் தெருவில் இருக்கும் ஒன்பது வீட்டிலும் அதே வருஷம் செங்கல் இறங்கியது. மேல வீட்டு அத்தை கறவை மாட்டை விற்று இரண்டு அறை கட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் மச்சுக்கு ஏணி வைத்து அதையும் அறை என்றார். அறைகள் தயாரானபோது கல்லூரியே சொந்தமாக விடுதி கட்டிவிட்டது. அஞ்சுகிராமம் பக்கமிருந்து காலையும் மாலையும் பஸ்ஸும் வந்துவிட்டது. புதுப் பையன்கள் விடுதியில் சேர்ந்தார்கள், அல்லது வீட்டிலிருந்தே வந்து போனார்கள். தெரு முழுக்கச் சுண்ணாம்பு மணக்கும் காலி அறைகள்.

அதன் பிறகு நடந்த போட்டியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். ஒரு வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் இனாம் என்றார்கள். அடுத்த வீட்டில் எண்ணெயோடு சீயக்காயும் இனாம். மேல வீட்டு அத்தை, துணி துவைத்தும் தருவோம் என்று பஸ் நிற்கும் இடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். பையன்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மாதம் ஒரு வீடு மாறினார்கள். அவர்கள் தலை பளபளத்தது. எங்கள் நாலு அறையில் மூன்று பூட்டிக் கிடந்தன. வட்டி கட்ட முடியாமல் நின்றுபோனது. தை மாதத்துக்குள் தீர்க்காவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொல்லி அனுப்பினார்.

அக்காள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதமன் பாயசம் வைத்தார்கள். தெருவில் தங்கியிருந்த, தங்கிப் பார்த்துவிட்டுப் போன எல்லாப் பையன்களையும் கூப்பிட்டார்கள். ஒன்பது வீட்டாரும் அவரவர் வீட்டில் பப்படம் பொரித்துக்கொண்டு பரிமாற வரவேண்டும் என்றார்கள். பந்தி உட்கார்ந்ததும் ஒரு நிபந்தனை சொன்னார்கள். கல்லூரி திறந்த வருஷம் யார் யார் உங்கள் வீட்டில் அறை கேட்டு வந்தார்களோ, அவர்கள் இலையில் மட்டும் பப்படம் வையுங்கள்.

முதலில் அக்காள் வைத்துக்கொண்டு போனார்கள். பின்னால் மேல வீட்டு அத்தை. அதன் பின்னால் எதிர்வீட்டுக்காரர். யாரும் எந்த இலையையும் தாண்டிப் போகவில்லை. நான் சாம்பார் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை முடிந்தபோது ஒவ்வொரு இலையிலும் ஒன்பது பப்படம். சோறு கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் இலையில் இருந்தவன் அஞ்சுகிராமத்துப் பையன். அவன் மெதுவாக, “அக்கா, இவ்வளவையும் நான் ஒருத்தனா திங்கணுமா?” என்றான்.

அத்தை விடவில்லை. “தின்னுல மக்கா. ஒன்ன நம்பித்தாம்ல நான் மாட்ட வித்தேன்.”

“அவன் எங்க வீட்டுக்கும்லா வந்தான்” என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“எல்லாருக்க வீட்டுக்கும் இவனுவதான் வந்திருக்கானுவ” என்றார்கள் அக்காள். “பதினெட்டுப் பயக்கதான். நாம ஒம்பது வீடுமா ஒம்பது தடவ எண்ணி அறை கெட்டியாச்சு. நானும்தான் எண்ணினேன்.”

அஞ்சுகிராமத்துப் பையன் ஒரு பப்படத்தை எடுத்து நொறுக்கினான். பிறகு அத்தை சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு பந்தி முழுக்கப் பரவியது. இனாம் எண்ணெய் அன்றோடு நின்றது. தெருவுக்கு ஒரே அடுக்களை, அது எங்கள் வீட்டில் என்று முடிவாயிற்று. பையன்கள் நாலு வீட்டில் தங்குவது, மற்ற வீட்டார் பாலும் விறகும் வாழையிலையும் கொடுத்து வரும்படியில் பங்கு பெறுவது, அவர்களுடைய அறைகளைக் கல்யாணத்துக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் இறங்க விடுவது என்று பேசினார்கள். அந்த நாலு வீட்டில் முதல் வீடாக அக்காள் சொன்னது அத்தை வீட்டை. எங்கள் வீடு அப்போதும் ஈட்டில்தான் இருந்தது.

தை பிறந்ததும் வியாபாரி நேரில் வந்தார். அக்காள் அவரை உட்காரவைத்துச் சுக்குக் காப்பி கொடுத்து, பின்னால் அழைத்துப் போய் அறைகளைக் காட்டினார்கள்.

“அண்ணாச்சி, வீட்ட எடுத்தா ஒங்களுக்கு இதுதான் கிடைக்கும். இந்தத் தெருவுல காலி அறைக்கு என்ன வெலைன்னு வெளிய நின்னு கேட்டுப் பாருங்க. அடுக்களைய என் கையில விட்டுவச்சியள்னா மாசாமாசம் ஒங்களுக்குப் பணம் வரும்.”

அவர் தெருவை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்தார். போட்டி நாட்களில் மாட்டிய ‘அறை வாடகைக்கு’ என்ற பலகை ஒன்பது வீட்டு வாசலிலும் இன்னும் கழற்றாமல் தொங்கியது. “இந்தத் தெருவுல ஒரு வீட்ட வச்சிக்கிட்டு நான் என்ன செய்யட்டும்? நீயே வச்சிக்க தாயி” என்று சிரித்துக்கொண்டே தவணை கொடுத்துப் போனார். அன்று அங்கேயே சாப்பிட்டும் போனார். பிறகு கோட்டாற்றிலிருந்து அவருடைய கடைப் பையன்களுக்கும் எங்கள் அடுக்களையிலிருந்துதான் சாப்பாடு போனது.

கடைசித் தவணையும் தீர்ந்து ஈட்டுப் பத்திரம் கைக்கு வந்த அன்று அக்காள் கோவிலுக்குப் போகவில்லை, நகை வாங்கவில்லை. பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து கழுவிவிட்டார்கள். ஆள் வராத அறைக்கு எதற்கு என்று கேட்டேன். “நம்ம அறைலா” என்றார்கள்.

சென்ற ஆவணியில் அக்காளுக்கு மார்பு வலி வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்கள். கடைசியாக என்னிடம் பேசியது, உளுந்து ஊறப்போட்டாயா என்பதுதான்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். வைத்தியருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், இம்மலரைக் காசு வாங்காமல் அச்சிட்ட அஞ்சுகிராமத்துத் தம்பிக்கும் நன்றி. அன்று முதல் இலையில் இருந்த அவர் இப்போது அச்சகத்தில் வேலையாக இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் தெருவுக்கு நன்றி. அக்காள் போன அன்று பத்மநாபபுரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். பழைய மாணவர்களும் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். இத்தனை பேரை எங்கே படுக்கவைப்பது என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்பதற்கு முன்பே அத்தை சாவிக்கொத்தோடு வந்து நின்றார்கள். ஒன்பது வீட்டுக் கதவும் திறந்தது. பலகைகளை யார் கழற்றினார்கள் என்று தெரியவில்லை. கட்டிய நாளிலிருந்து எங்கள் தெருவில் ஓர் அறைகூடக் காலியில்லாமல் இருந்தது அன்றுதான். அதற்கு யாரும் வாடகை வாங்கவில்லை.