ஆறு மணிக்குத் திறந்திருந்த கதவு

விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த என் மனைவி சாந்தி, ஒருவழியாக டென்மார்க்கின் ஒடென்சே நகருக்கு, என்னிடம் வந்து சேர்ந்தாள். அடுத்த கோடையில் இருவரும் ரயிலேறி இத்தாலியின் நாப்போலி நகருக்குப் போனோம்.

டென்மார்க்கில் ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு. அதே பழக்கத்தில் அங்கேயும் ஆறு மணிக்குப் பசியோடு புறப்பட்டோம். பார்த்த உணவகமெல்லாம் பூட்டிக் கிடந்தது.

“இஞ்சருங்கோ, இனி என்னால நடக்கேலாது” என்றாள் சாந்தி.

அப்போது ஒரு சந்தில் கதவு திறந்திருந்த உணவகம் தெரிந்தது. உள்ளே நீள மேசையில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இது திறந்துதான் கிடக்கு, வாரும்” என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய் மேசை ஓரத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். பிறகு சமையல்காரி சிரித்தபடி, கடலையும் மிளகாயும் போட்ட பாஸ்தாவை எங்களுக்கும் அள்ளி வைத்தார். எனக்கு வைனும் ஊற்றினார். அன்று வெள்ளிக்கிழமை, சாந்தி சைவம் மட்டுமே சாப்பிடும் நாள்.

“சைவம்தான், பயப்பிடாமல் சாப்பிடும்” என்றேன். சாந்தி இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினாள்.

நான் பில் கேட்டதும் மேசையே வெடித்துச் சிரித்தது. சமையல்காரி சுவர் மணிக்கூட்டில் எட்டைத் தொட்டுக் காட்டினார். கடை திறப்பதே எட்டு மணிக்கு. நாங்கள் சாப்பிட்டது வேலையாட்கள் தங்களுக்கென்று சமைத்த சாப்பாட்டை! எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. சாந்தியோ அவர்களோடு சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டென்மார்க் வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது இத்தாலிக்குப் போனால், ஆறு மணிக்குக் கோப்பி குடித்துவிட்டு எட்டு மணிவரை பொறுத்திருப்பேன். சாந்தி மட்டும், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவாள்.