திண்டிவனம் ரோட்டில் ஒரு மைல் கூடுதல்

இது நடந்தது. நாற்பத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதம், பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரியில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டுதான் வரும் என்று நினைக்கிற மேதாவிகள் வேறு கதை பார்த்துக்கொள்ளட்டும்.

விழுப்புரத்து மெக்கானிக் விருத்தாசலத்துக்கு பஸ் முதலாளிகளைக் கண்டாலே குமட்டும். யுத்தத்தில் டயர் கிடைக்கவில்லை என்று ஒரு முதலாளி தன் பஸ்ஸுக்குப் பெரிய லாரி டயரை மாட்டினார். பின் அச்சுக்குள்ளும் எந்தக் குப்பையிலிருந்தோ கழற்றிய பல்சக்கரங்கள். அப்படி மாற்றினால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. மீட்டரில் இருபத்தைந்து மைல் வேகம் என்றால் ரோட்டில் முப்பத்திரண்டு. டிரைவர் தேவசகாயம் இரண்டு முறை வேகத்துக்காகப் பிடிபட்டார். நாலு பிள்ளைக்காரர். மீட்டரைச் சரிசெய்து அன்று பகல் ஒரு மணிக்குள் திண்டிவனத்தில் வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டாவிட்டால் லைசென்ஸ் போய்விடும்.

மீட்டர் கேபிளைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத்தை விருத்தாசலம் மாற்றினான். சோதிக்க ஒரே வழி, காலி பஸ்ஸை ஒரே வேகத்தில், எங்கும் நிறுத்தாமல் ஓட்டி, மைல்கல்லோடு ஒப்பிடுவதுதான்.

"உச்சி வேளையில அந்தப் பக்கம் போவக்கூடாதும்பாங்க, மேஸ்திரி."

"யோவ், உனக்கு லைசென்ஸ் வேணுமா, தாயத்து வேணுமா? எடுய்யா வண்டிய!"

சரியாக 11.30க்குக் கிளம்பினார்கள். மீட்டர் முள் இருபத்தைந்தில்; கல்லுக்குக் கல் இரண்டு நிமிஷம் இருபத்து நாலு விநாடி. விக்கிரவாண்டி தாண்டியும் மீட்டர் கொஞ்சமும் பிசகவில்லை.

"பாத்தியா? உங்க மொதலாளி தலையில இருக்கிறது மூளையா, மல்லாட்டைப் புண்ணாக்கா?"

11.56. பதினோராவது கல்.

அடுத்து ரோடு இடது பக்கம் வளைந்தது. அங்கே வளைவே கிடையாது... விருத்தாசலம் நூறு முறை போன ரோடு அது.

சளக்... சளக்... டயருக்கடியில் சேறு. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

இரண்டு பக்கமும் வீடுகள். வாசல் தோறும் ஆட்கள். தலை, துணி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து... பஸ்ஸையே பார்த்தார்கள்.

11.58. ஒரு மைல்கல். அதில் பழைய தமிழ் எண்.

காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் கை காட்டினான். தேவசகாயத்தின் கால் பிரேக்குக்குப் போயிற்று.

"பாவம், நம்மளாட்டம் டிரைவரு..."

"நிறுத்தினா சோதனை பூடும்! ஓட்டிக்கினே போ!"

விருத்தாசலம் கத்தினான். பயந்துவிட்டான்.

தட்... தட்... தட்... பஸ்ஸின் பின்பக்கத்தில் உள்ளங்கைகள்.

திரும்பவில்லை.

12.01. பன்னிரண்டாவது கல். தார் ரோடு. வெயில்.

திண்டிவனத்தில் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ரோடு இருபத்து மூன்று மைல். மீட்டரில் இருபத்து நாலு. தேவசகாயம் அழுதே விட்டார்.

இன்ஸ்பெக்டர் டயரிலிருந்த ஈரச் சேற்றை விரலால் தொட்டார்.

"வழியில எங்கியாவது நிறுத்தினீங்களா?"

"இல்லீங்க."

அவர் புத்தகத்தைத் திறந்து, 'மீட்டர் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எப்பிடிங்க? ஒரு மைல் அதிகமா காட்டுதே!" விருத்தாசலத்துக்குப் பொறுக்கவில்லை.

"பழைய ரோடு இருபத்து நாலு மைல்தான்யா. நடுவுல ஒரு ஊரைச் சுத்திக்கினு வரும். இருபது வருஷத்துக்கு முந்தி ஏரி ஒடைஞ்சி ஊரே பூடுச்சு. அப்புறந்தான் ரோட்ட நேராக்கினாங்க." வாசலைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். "போன பங்குனியில, இதே நேரம், விழுப்புரத்திலிருந்து ஒரு காரு வந்து இதே எடத்தில நின்னுச்சு. அதுலயும் இருபத்து நாலு. இன்ஜின் ஓடிக்கினே இருந்துச்சு... உள்ள டிரைவரே இல்ல."